டிவியில் கேட்ட அந்தப் பாட்டு எது? அறிகுறி பார்த்துக் கண்டுபிடிக்கும் வழிமுறை

எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் அடிக்கடி வரும் கேள்வி இது: "இப்ப டிவியில ஒரு பாட்டு போச்சே, அது எந்தப் படம்?" கூடவே ஒரு குட்டி வீடியோ வரும். அதில் பாதி நேரம் மிக்சி சத்தம், மீதி நேரம் "ஏய், சவுண்ட வையி" என்று யாரோ கத்துவது.

இப்படித் தேடிக் கொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன். பாட்டு அகப்படாததற்கு, பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் ஆப்பைக் குறை சொல்ல வேண்டியது அபூர்வம். கேட்டது என்ன மாதிரிச் சத்தம் என்று பிரித்துப் பார்க்காமல் ஒரே பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துவதால்தான் பாதி நேரம் வீணாகிறது. படத்துக்காகப் பதிவு செய்த அசல் பாட்டுக்கு ஒரு வழி, மேடையில் யாரோ பாடியதற்கு வேறு வழி, சீரியலுக்காக ஒட்டிப் போட்ட இசைக்கு இன்னொரு வழி. உங்களுக்கு என்ன நடந்தது என்று பார்த்து அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசில்லாத, கஷ்டமில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன்.

பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா? முதலில் இதைச் செய்யுங்கள்

ஆப்பைத் தேடித் திறப்பதற்குள் பாட்டு முடிந்துவிடும். போன் கேமராவைத் திறந்து டிவியை வீடியோ எடுங்கள். அரை நிமிடம் போதும். திரை முழுவதும் தெரியட்டும். கீழ்மூலையில் படப் பெயர் வந்து போயிருந்தால் அதுவே விடை. பாட்டு சேனல்கள் பலவற்றில் பாட்டு தொடங்கும்போதும் முடியப்போகும்போதும் படத்தின் பெயரைப் போடுவார்கள். நடுவில் உட்கார்ந்து பார்க்கத் தொடங்கியவர்கள் முடிவு வரை பொறுத்திருந்தாலே பாதிக் கேள்விகள் தீர்ந்துவிடும்.

சேனல் பெயரையும் மணியையும் குறித்துக்கொள்ளுங்கள். செட்டாப் பாக்ஸ் ரிமோட்டில் 'இன்ஃபோ' பொத்தானை அழுத்தினால் நிகழ்ச்சியின் பெயர், அல்லது ஓடும் படத்தின் பெயர் வரும். படமாக இருந்தால் வேலை அங்கேயே முடிந்தது. வீட்டில் உள்ளவர்களைக் கொஞ்சம் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள். அது நடக்காது, இருந்தாலும் சொல்லிப் பாருங்கள்.

அறிகுறி: ஆப் 'எதுவும் கிடைக்கவில்லை' என்கிறது

ஷசாம் போன்ற ஆப்கள் ஏற்கெனவே வெளியான ஒரு பதிவோடு நீங்கள் கேட்டதை ஒப்பிடுகின்றன. அதே பதிவு, அதே வேகம் இருந்தால்தான் பிடிபடும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளவற்றை வரிசையாகப் பாருங்கள்.

சத்தம் கலந்திருக்கிறதா? மின்விசிறியை நிறுத்துங்கள், போனை டிவியின் ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோங்கள். பல டிவிகளில் ஸ்பீக்கர் கீழே அல்லது பின்னால் இருக்கும். திரைக்கு நேரே நீட்டிப் பயனில்லை. வீடியோ எடுத்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. அதே போனில் அதை ஓடவிட்டு, போனுக்குள் ஓடும் சத்தத்தையே ஷசாமைக் கேட்க வைக்கலாம். ஐபோனில் கன்ட்ரோல் சென்டரில் இசையை அடையாளம் காணும் பொத்தான் இருக்கிறது, ஆண்ட்ராய்டில் ஷசாமின் பாப்-அப் வசதி இருக்கிறது.

பாட்டின் மேல் யாராவது பேசுகிறார்களா? தொகுப்பாளர் பேச்சு, படத்தில் வசனம், பார்வையாளர் கைதட்டல் எல்லாம் தொல்லை. பேச்சில்லாத பல்லவிப் பகுதியை மட்டும் கொடுத்துப் பாருங்கள்.

வேகம் மாறியிருக்கிறதா? இதைப் பலர் யோசிப்பதே இல்லை. சினிமா நொடிக்கு 24 பிரேம் வேகத்தில் எடுக்கப்படுவது. நம் ஊர் டிவி 25 பிரேம் கணக்கில் ஓடுவது. பழைய படங்களை டிவிக்கு மாற்றும்போது அந்த ஒரு பிரேம் வித்தியாசத்தைச் சரிக்கட்டாமல் விட்டால் படம் சுமார் 4 சதவீதம் வேகமாக ஓடும், சுருதியும் அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறும். பாட்டு நன்றாகவே கேட்கும், 'குரல் கொஞ்சம் இளசா இருக்கே' என்று மட்டும் தோன்றும். ஆப் ஆனால் தடுமாறிவிடும். காப்புரிமைப் பூட்டில் சிக்காமல் இருக்க வேண்டுமென்றே சுருதியை மாற்றி யூடியூபில் ஏற்றியவர்களின் பதிவுகளிலும் இதே தொல்லை உண்டு.

சோதிக்க, வீடியோவின் ஒலியை மட்டும் பிரித்தெடுத்து, சுருதியும் வேகமும் சேர்ந்தே மாறும்படி 4 சதவீதம் குறைத்து மறுபடி கொடுங்கள். இலவச ஒலி எடிட்டிங் ஆப் எதிலும் இது முடியும். யூடியூபில் உள்ள வேக மாற்றம் இதற்கு உதவாது, அது சுருதியை மாற்றாமல் வேகத்தை மட்டும் குறைக்கும்.

இதெல்லாம் செய்தும் மௌனம்தானா? இரண்டு வாய்ப்புகள். ஒன்று, அது அசல் பதிவே இல்லை. மேடைப் பாட்டுக்கான தலைப்புக்குப் போங்கள். இரண்டு, அந்தப் பாட்டு இன்னும் ஆப்பின் கிடங்குக்குள் போகவில்லை. கறுப்பு வெள்ளைக் காலத்துப் படங்களில் ஓடாத படத்தின் பாட்டுகளுக்கு இது சகஜம். அப்படியானால் ஆப்பை விட்டுவிட்டு வரியைப் பிடித்துத் தேடுங்கள், அல்லது கடைசித் தலைப்பில் சொல்லியிருக்கும் ஆட்களிடம் போங்கள்.

அறிகுறி: ஒவ்வொரு முறையும் வேறு வேறு பாட்டைச் சொல்கிறது

ஆப்புக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. நீங்கள் கேட்டது பல பாட்டுகளைக் கோத்து ஒன்றாக்கிய 'மெட்லி'. நடன நிகழ்ச்சிகளில் மூன்று நிமிடத்துக்குள் ஐந்தாறு பாட்டுகளை வெட்டி ஒட்டி ஓட்டுவார்கள். விருது விழாக்களில் நடிகர் மேடையேறும்போதும் அப்படித்தான். அது சொன்ன எல்லாப் பெயரும் சரியாக இருக்கலாம். உங்களுக்கு வேண்டிய துண்டு எத்தனையாவது நொடியில் வருகிறது என்று பார்த்து, அதை மட்டும் வெட்டி ஓடவிடுங்கள்.

அறிகுறி: பெயர் வந்துவிட்டது, ஆனால் படமோ ஆண்டோ இடிக்கிறது

அதிகம் சண்டை வருவது இங்கேதான். 'இது எண்பதுகள் பாட்டு' என்று அப்பா சொல்வார், 'போன் 2014னு காட்டுது' என்று பிள்ளை சொல்லும். அப்பா சொல்வது சரியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

*ஆண்டு மட்டும் இடித்தால்.* பழைய தமிழ்ப் பாட்டுகளைப் பொறுத்தவரை ஆப்களிலும் பாட்டுத் தளங்களிலும் தெரியும் ஆண்டு, அந்தப் பதிவை டிஜிட்டலாக ஏற்றிய ஆண்டாக இருக்கும். ஆல்பத்தின் பெயர் 'மெலடி ஹிட்ஸ்', 'காதல் கீதங்கள்' என்ற ரகமாக இருந்தால் அது தொகுப்பு. பாட்டின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, 'படம்' என்ற சொல்லைச் சேர்த்துத் தமிழில் தேடுங்கள்.

*புதுப் படத்தில் பார்த்தீர்கள், ஆப் பழைய படத்தைச் சொல்கிறது என்றால்.* இரண்டுமே சரி. இப்போதெல்லாம் பழைய பாட்டை அப்படியே எடுத்துப் புதுப் படத்தில் வைப்பது வழக்கமாகிவிட்டது. 'விக்ரம்' (2022) சண்டையில் வரும் 'சக்கு சக்கு வத்திக்குச்சி', ஆதித்யன் இசையில் 1995இல் வந்த 'அசுரன்' படப் பாட்டு. 'லியோ'வில் (2023) வரும் 'கரு கரு கருப்பாயி', தேவா இசையில் 'ஏழையின் சிரிப்பில்' படத்துக்காக வந்தது. 'லப்பர் பந்து' (2024) பார்த்துவிட்டு 'நீ பொட்டு வச்ச தங்கக்குடம்' தேடியவர்கள் எத்தனை பேர் 'பொன்மனச் செல்வன்' (1989) வரை போய் நின்றார்கள்! புதுப் படத்தின் பாட்டுப் பட்டியலில் இவை இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. அங்கே தேடி 'இந்தப் பாட்டே இல்லையே' என்று குழம்ப வேண்டாம்.

*பாட்டு அதேதான், தாளம் மட்டும் புதிதாக இடிக்கிறது என்றால்.* ரீமிக்ஸ். 'பொன்மகள் வந்தாள்' 1970இல் 'சொர்க்கம்' படத்தில் ஒன்று, 2007இல் 'அழகிய தமிழ்மக'னில் இன்னொன்று. நீங்கள் டிவியில் பார்த்தது சிவாஜியா விஜய்யா என்று யோசித்தாலே முடிவுக்கு வந்துவிடலாம். படம் நினைவில்லாமல் காதில் மட்டும் விழுந்திருந்தால், தொடக்க இசையில் எலெக்ட்ரானிக் தாளம் இருக்கிறதா என்று பாருங்கள்.

*மொழியே மாறி வந்தால்.* இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, தொடக்க இசையை மட்டும் ஆப்புக்குக் கொடுத்தீர்கள். ஒரே படம் பல மொழிகளில் வரும்போது வாத்தியப் பகுதி எல்லாவற்றுக்கும் ஒன்றே. 'ரோஜா'வின் தமிழ்ப் பாட்டுக்கு இந்திப் பெயர் வருவது இதனால்தான். குரல் தொடங்கிய பிறகு மறுபடி கொடுங்கள்.

இரண்டாவது, நீங்கள் பார்த்ததே டப்பிங் படம். தெலுங்குப் படங்களின் பாட்டுகள் தமிழ் வரிகளோடு சேனலில் ஓடும், தமிழ்ப் பதிவு மட்டும் தனியாகக் கிடைக்காமல் போகலாம். அப்போது தெலுங்குப் பெயர் கிடைத்தால் அதோடு திருப்திப்படுவது தவிர வழியில்லை.

மூன்றாவதுதான் சுவாரசியம்: ஒரே மெட்டு, வேறு வேறு படங்கள். இளையராஜா 'ஓளங்கள்' என்ற மலையாளப் படத்துக்கு 1982இல் போட்ட 'தும்பி வா' மெட்டு, தமிழில் 'ஆட்டோ ராஜா' படத்தில் 'சங்கத்தில் பாடாத கவிதை' ஆனது, இந்தியில் 'சத்மா'வில் 'ஏ ஜிந்தகி கலே லகா லே' ஆனது. இதில் இன்னொரு பொறியும் இருக்கிறது. 'ஆட்டோ ராஜா'வுக்கு இசை சங்கர் கணேஷ், அந்த ஒரு பாட்டு மட்டும்தான் இளையராஜா. இசையமைப்பாளர் பெயரை வைத்துப் படத்தைத் தேடினால் வழுக்கிவிடும். 'பயணங்கள் முடிவதில்லை'யின் 'இளைய நிலா'வும் இந்தியில் 'நீலே நீலே அம்பர் பர்' என்று போயிருக்கிறது, அங்கே இசை என்று போட்டிருப்பது கல்யாண்ஜி ஆனந்த்ஜி. மெட்டு ஒத்துப்போய் வரி ஒத்துப்போகவில்லை என்றால் இப்படி உறவுக்காரப் பாட்டு ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். கிடைத்த பெயரோடு 'தமிழ் மெட்டு' அல்லது 'தமிழ் வெர்ஷன்' என்று சேர்த்துத் தேடுங்கள், வந்துவிடும்.

அறிகுறி: போட்டி நிகழ்ச்சியில் ஒரு பிள்ளை பாடியது

சூப்பர் சிங்கர், சரிகமப போன்ற நிகழ்ச்சிகளைப் பார்த்துவிட்டு ஷசாமைக் கையில் எடுப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். பாடுவது வேறு குரல், வேறு கட்டை, முன்னால் புதிதாக ஓர் ஆலாபனை, நடுவில் புதிதாகச் சேர்த்த ஸ்வரம். எந்தப் பதிவோடும் அது பொருந்தாது.

முதல் வேலை, காதைத் தீட்டிக்கொண்டு நடுவர் பேச்சைக் கேளுங்கள். பாட்டு முடிந்ததும் நடுவர்களில் ஒருவராவது "எம்.எஸ்.வி. ஐயா இந்த இடத்துல என்ன பண்ணியிருக்காரு பாருங்க" என்று ஆரம்பிப்பார், படப் பெயரும் பாடகர் பெயரும் வந்து விழும். பாட்டு முடிந்ததும் சேனலை மாற்றிவிட்டு அப்புறம் தேடுவது நமக்கு நாமே செய்துகொள்ளும் கெடுதல்.

அடுத்து, அன்று என்ன சுற்று என்று பாருங்கள். ஒரே இசையமைப்பாளருக்கான சுற்று, கிராமியச் சுற்று, பக்திச் சுற்று என்று வைப்பார்கள். அது தெரிந்தால் தேட வேண்டிய பரப்பு சுருங்கிவிடும்.

அடுத்து, யூடியூபில் நிகழ்ச்சியின் பெயரையும் போட்டியாளர் பெயரையும் போட்டுத் தேடுங்கள். சேனல்களே தனித்தனித் துண்டாக ஏற்றுகிறார்கள், தலைப்பில் பாட்டின் முதல் வரி இருக்கும்.

இதுவும் நடக்கவில்லை என்றால், ஷசாமுக்குப் பதில் கூகுளின் முணுமுணுப்புத் தேடலிடம் போங்கள். 2020இல் வந்த வசதி. கூகுள் ஆப்பில் மைக்கைத் தொட்டு, பாட்டைத் தேடும் பொத்தானை அழுத்தினால் போதும். அது பதிவைப் பார்ப்பதில்லை, மெட்டை மட்டும் பார்க்கிறது. அதனால் யார் பாடினாலும் கவலையில்லை. நீங்கள் எடுத்த வீடியோவில் பல்லவி வரும் இடத்தை ஓடவிட்டுக் காட்டுங்கள். பின்னணி வாத்தியம் அதிகமாக இருந்து தடுமாறினால், அதே பல்லவியை நீங்களே பாடிக் காட்டுங்கள்.

பாடியது சினிமாப் பாட்டே இல்லாமலும் இருக்கலாம். 'அலைபாயுதே கண்ணா' பாட்டு 'அலைபாயுதே' படத்தில் வந்ததால் நமக்குத் தெரியும், ஆனால் அது ஊத்துக்காடு வேங்கட கவியின் பாட்டு. போட்டியில் ஒரு குழந்தை அதைப் பாடினால் படத்துப் பாட்டைப் பாடுகிறதா, கச்சேரிப் பாட்டைப் பாடுகிறதா என்று சொல்ல முடியாது. இரண்டையும் தேடிப் பாருங்கள்.

அறிகுறி: மெட்டு மட்டும் மண்டையில் ஓடுகிறது

மேலே சொன்ன அதே முணுமுணுப்புத் தேடல்தான். ஆனால் எதை முணுமுணுக்கிறீர்கள் என்பது முக்கியம். பத்துப் பதினைந்து நொடி வேண்டும். பல்லவியைக் கொடுங்கள். நம் மனதில் ஒட்டிக்கொள்வது சில சமயம் நடுவில் வரும் வயலின் இசையாகவோ சரணத்தின் கடைசி வளைவாகவோ இருக்கும், அதைக் கொடுத்தால் பெரும்பாலும் பலிக்காது. அரைகுறையாகத் தெரிந்த வரியைப் பாடுவதைவிட 'ந ந ந' என்று மெட்டை மட்டும் சொல்வது மேல். விசிலடிக்கத் தெரிந்தால் அதுவும் செல்லும்.

கிடைக்கவில்லையா? வீட்டில் சுருதி நிற்கிற ஒருவரிடம் போனைக் கொடுங்கள். எல்லா வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார், பெரும்பாலும் 'நான் பாட மாட்டேன்' என்று சொல்பவர்தான் அவர்.

வரும் பட்டியலில் சதவீதம் போட்டுக் காட்டும். முதலில் இருப்பதை மட்டும் பார்த்து விட்டுவிடாதீர்கள். மூன்றாவது, நான்காவது இடத்தில் சரியான பாட்டு உட்கார்ந்திருப்பது வழக்கம்.

அறிகுறி: ஒரே ஒரு வரி நினைவிருக்கிறது

தமிழ் எழுத்திலேயே தட்டச்சு செய்து தேடுங்கள். முழு வரியும் வேண்டாம், அடுத்தடுத்து வரும் மூன்று சொல் போதும். கூடவே 'பாடல் வரிகள்'.

வரவில்லை என்றால் எழுத்துப் பிழையோடு தேடுங்கள். கிண்டலுக்குச் சொல்லவில்லை. பாடல் வரிகளை ஏற்றியவர்களில் பாதிப் பேருக்கு ண, ன தகராறு, மீதிப் பேருக்கு ர, ற தகராறு. அவர்கள் எழுதியபடி நீங்கள் எழுதினால்தான் அகப்படும். ஆங்கில எழுத்தில் தேடும்போது ழகரத்தை இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள்: 'இசட் எச்' என்று ஒரு தடவை, வெறும் 'எல்' என்று ஒரு தடவை. தகரத்துக்கு 'டி எச்', 'டி' இரண்டும்.

நீங்கள் கேட்ட சொல்லே தவறாகவும் இருக்கலாம். வரியில் ஒரு சொல் அர்த்தமில்லாமல் நின்றால் அதை எடுத்துவிட்டு மற்றச் சொற்களைக் கொடுங்கள்.

அப்புறம், நினைவில் நிற்பது சரணத்தின் வரியாக இருந்தால் பாட்டின் பெயரில் அது இருக்கவே இருக்காது. தளங்களில் பாட்டுக்குப் பெயர் பல்லவியின் முதல் வரி. அதையும் சுருக்கி ஒரு சொல்லாகச் சொன்னால் ஆபத்து: 'மலரே பாட்டு' என்றால் 'கர்ணா'வின் 'மலரே மௌனமா'வும் வரும், 'பிரேமம்' படத்து 'மலரே'வும் வரும். எந்தப் பத்தாண்டு என்று ஒரு சொல் சேர்த்தால் பிரிந்துவிடும்.

அறிகுறி: பாட்டு கிடைத்தது, ஆனால் குரல் அது இல்லை

ஒரே படத்தில் ஒரே பாட்டு இரண்டு மூன்று தடவை வந்திருக்கும். 'எங்க ஊரு பாட்டுக்காரன்' (1987) படத்து 'செண்பகமே செண்பகமே'வுக்கு மனோ பாடியது, ஆஷா போஸ்லே பாடியது, சுனந்தா பாடியது என மூன்று உண்டு. 'நாயகன்' படத்து 'தென்பாண்டிச் சீமையிலே'யை இளையராஜாவும் பாடியிருக்கிறார், கமலும் பாடியிருக்கிறார். படத்தின் முழுப் பாட்டுப் பட்டியலைத் திறந்து, அதே பெயர் இரண்டு இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்படி இல்லை என்றால் நீங்கள் கேட்டது பிறர் மறுபடி பாடி வெளியிட்ட பதிவு. ஒரு காலத்தில் கேசட் கம்பெனிகள் வேறு பாடகர்களை வைத்து அச்சு அசலாகப் பாடி வெளியிட்டதுண்டு. அவையும் இப்போது ஆப்களுக்குள் வந்துவிட்டன.

'எஸ்.பி.பி. பாடினது' என்று நீங்கள் சத்தியம் செய்யும் பாட்டு மனோ பாடியதாக இருக்கவும் வாய்ப்பு இருக்கிறது. பாடகர் பெயரை வைத்து வடிகட்டித் தேடும் பழக்கம் இருந்தால், கிடைக்காதபோது அந்த வடிகட்டியை முதலில் எடுத்துவிடுங்கள்.

அறிகுறி: சீரியலில் வந்த பாட்டு

சீரியலின் தொடக்கப் பாட்டு என்றால் எளிது. சீரியல் பெயர், சேனல் பெயர், 'டைட்டில் சாங்' என்று தேடுங்கள். சேனல் பெயரை விடாதீர்கள். சீரியல்களுக்குப் படப் பெயரையும் பாட்டு வரியையும் வைப்பது நடைமுறை. 'மௌன ராகம் பாட்டு' என்று மட்டும் தேடினால் மணிரத்னம் படம்தான் வரிசைகட்டி வரும், விஜய் டிவி சீரியல் எங்கோ அடியில் கிடக்கும்.

நடுவில் கதாநாயகனும் நாயகியும் பார்த்துக்கொள்ளும்போது ஒலித்த சினிமாப் பாட்டு என்றால் ஆப்பே பிடித்துவிடும், நேரலையில் கேட்டிருந்தால். மறுநாள் ஓடிடியிலோ யூடியூபிலோ அதே பகுதியைப் போட்டுப் பார்த்தால் அந்த இடத்தில் வேறு ஏதோ இசை ஓடும், அல்லது சத்தமே இருக்காது. உரிமைப் பிரச்சினைக்காக மாற்றியிருப்பார்கள். உங்கள் காதில் கோளாறு இல்லை. டிவியிலேயே மறுஒளிபரப்பு எத்தனை மணிக்கு என்று பார்த்து அப்போது பிடியுங்கள்.

சோகம், சதி, சாமி வரும் காட்சி ஆகியவற்றுக்கான பின்னணி இசை என்றால் நேரம் செலவழிக்க வேண்டாம். சீரியலுக்கென்றே வாசித்த துண்டுகள் பெரும்பாலும் தனியாக வெளியிடப்படுவதில்லை. ரசிகர் யாராவது வெட்டி ஏற்றியிருந்தால் உண்டு.

படத்தின் பின்னணி இசைக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு சொல்ல வேண்டும். சில சமயம் அது தனி ஆல்பமாக ஏற்கெனவே வந்திருக்கும். பாலு மகேந்திராவின் 'வீடு' படத்தில் ஒலிப்பது இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்து இசை. ஆப் அந்த ஆல்பத்தின் பெயரைக் காட்டினால் தவறு என்று தள்ளிவிடாதீர்கள்.

அறிகுறி: விளம்பரத்தில் வந்த இசை

பொருளின் பெயரோடு 'விளம்பரப் பாட்டு' என்று சேர்த்துத் தேடுங்கள். பிரபலமானவை கிடைத்துவிடும். ஏர்டெல் இசை ஏ.ஆர். ரகுமான் போட்டது. டைட்டன் கைக்கடிகார இசை மோசார்ட்டின் 25ஆம் சிம்பொனியிலிருந்து எடுத்தது. இப்படி மேற்கத்திய இசையாக இருந்தால் ஆப் ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆர்கெஸ்ட்ராவின் பெயரைச் சொல்லும். இசையின் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

தீபாவளிக்கு ஓடும் ஜவுளிக்கடைப் பாட்டு வேண்டும் என்றால் அந்தக் கடையின் யூடியூப் பக்கம்தான் கதி.

அறிகுறி: காட்சி நினைவிருக்கிறது, பாட்டு நினைவில்லை

'மலை இருக்கும், பனி இருக்கும், ரெண்டு பேரும் ஸ்வெட்டர் போட்டிருப்பாங்க.' இது தமிழ்ப் படங்களில் ஒரு ஆயிரத்துக்குப் பொருந்தும். நடிகர் யார் என்று தெரிந்தால் மட்டுமே நகர முடியும். அவர் நடித்த படங்களின் பட்டியலை எடுத்து, ஜோடி யார் என்பதை வைத்துக் குறையுங்கள். ஜோடியின் பெயர் தெரியாவிட்டாலும் கறுப்பு வெள்ளையா கலரா, படம் அகலமாகத் தெரிந்ததா சதுரமாகத் தெரிந்ததா என்பதை வைத்துப் பத்தாண்டைக் கணிக்கலாம். மிஞ்சும் படங்களின் பாட்டுக் காட்சிகளை யூடியூபில் ஓட்டிப் பாருங்கள். பொறுமை வேண்டும், காசு வேண்டாம்.

நடிகர்கள் யாரையுமே அடையாளம் தெரியவில்லை, பாட்டு புதிது என்றால் 'எந்தப் படம்' என்ற கேள்வியே சரியில்லாமல் இருக்கலாம். பாட்டு சேனல்களில் தனிப்பாடல்களும் ஓடுகின்றன. தீயும் அறிவும் பாடிய 'என்ஜாய் எஞ்சாமி' (2021) எந்தப் படம் என்று கேட்டவர்களை எனக்குத் தெரியும்.

எப்போது ஆப்பை மூடிவிட்டு ஆளைத் தேட வேண்டும்

அசல் பதிவு என்று உறுதியாகத் தெரிந்து, சத்தம் தெளிவாக இருந்து, வேகத்தையும் திருத்திப் பார்த்து, மூன்று சொல் கொடுத்துத் தேடியும் வரவில்லை என்றால் அதற்குமேல் தனியாக முட்டுவது வீண்.

முதலில் மெல்லிசைக் குழுவில் வாசிக்கும் யாரையாவது பிடியுங்கள். கீபோர்டு வாசிப்பவர் என்றால் உத்தமம். தொடக்க இசையில் நாலு சத்தம் கேட்டாலே படப் பெயர் சொல்லிவிடுவார்கள், நேயர் விருப்பத்துக்கு வாசித்து வாசித்து வந்த பழக்கம் அது. இவர்களுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் போதும். ஐம்பது, அறுபதுகளின் பாட்டு என்றால் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த ஒருவர் உங்கள் தெருவிலேயே இருப்பார். பாட்டோடு பாடலாசிரியர், இசையமைப்பாளர் பெயரையும் அறிவிப்பாளர் சொன்ன மாதிரியே சொல்வார்.

இசைத்தட்டு சேகரிப்பவர்கள் அடுத்த படி. ஓடாத படம், டப்பிங் படம், பேர் தெரியாத பாடகர் எல்லாம் அவர்கள் பக்கம்.

அதற்கும் மேலே ஆவணம்தான். அந்தக் காலத்தில் தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்கள் சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன, இசைத்தட்டுகளும் உண்டு. நேரில் போக வேண்டும், ஒரு நாள் போய்விடும். ஒரு பாட்டுக்காக இவ்வளவா என்றால், இதை முடிவு செய்ய வேண்டியது நீங்கள்தான். நான் போகச் சொல்வேன்.

யாரிடம் கேட்டாலும் 'சூப்பரா ஒரு பாட்டு, பொண்ணு குரல்' என்று கேட்காதீர்கள். எடுத்த வீடியோ, சேனல், தேதி, மணி, கேட்ட மூன்று சொல், ஏற்கெனவே பார்த்துவிட்டு இல்லை என்று தள்ளிய பாட்டுகள், இவ்வளவையும் ஒரே செய்தியில் அனுப்புங்கள். மிக்சி ஓடாத நேரத்தில் எடுத்த வீடியோவாக இருந்தால் இன்னும் நல்லது.